கதவைத் தட்டும் வீரன்

எழுந்ததும் இதைப் படி.

நான் வங்கிக்குப் போகிறேன். சாப்பாடு அடுப்பின்மேல் மூடி இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு. உன் மேனேஜர் வந்தால் முன்னறையில் உட்கார வை. உன் அறை இருக்கும் லட்சணத்தில் அங்கே அழைத்துப் போகாதே.

நேற்று நான் சொன்னது சரிதான். நீ உருவாக்கும் வீடியோ கேமில் அந்த வீரன் ஊரார் வீடுகளில் கேட்காமல் நுழைகிறான். பானைகளை உடைத்துக் காசை எடுக்கிறான். அந்தக் காசில் பலத்தை ஏற்றிக்கொண்டு பாறை பாறையாகத் தாவுகிறான். "எல்லா கேம்லயும் இப்படித்தாம்பா" என்றாய். "அப்ப அதுல என் பேர் வேண்டாம்" என்றேன். நீயும் கேமில் உன் பெயருக்கு முன்னால் இருந்த என் இன்ஷியலை எடுத்துவிட்டாய்.

காலையில் நீ தூங்கும்போது மறுபடி ஆடிப் பார்த்தேன். இப்போது அவன் கதவைத் தட்டிக் கேட்கிறான். வீட்டுக்காரரே காசு கொடுத்து அனுப்புகிறார். இரவோடு இரவாக மாற்றியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மாதம் கேம் வெளிவரும்போது என் இன்ஷியல் இருக்கட்டும்.

அப்பா

பி.கு.: மூன்றாவது பாறைக்குத் தாவ முடியாமல் விழுந்துகொண்டே இருக்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று இதன் பின்பக்கத்தில் எழுதி வை. மேனேஜர் எதிரில் இதைப் பேச வேண்டாம்.