வாப்பா உடுத்திய வெள்ளை

அன்பு மகன் முதர்ரிஃபுக்கு, கொர்தோவாவிலிருந்து உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் காவலில் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் கெய்ரோவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய். சுகத்துக்கு என்ன குறை, புது எஜமான் கிடைத்திருக்கிறாரே.

ஹஜ் முடித்து வந்த பக்கத்து வீட்டு அபூ கலஃப், கெய்ரோ கடைத்தெருவில் வாங்கிய பட்டுத்துண்டு ஒன்றைக் காட்டினார். வாப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். பொன்னிழை முடிச்சைப் பின்பக்கம் தெரியாமல் உள்ளிழுத்து மறைப்பது நம் தறியில் மட்டும்தானே, பார்த்ததும் உன் கை என்று தெரிந்துவிட்டது. முன்பக்கம் நெய்திருந்த பெயர் நம் கலீஃபாவுடையது இல்லை, அவரை வெள்ளிக்கு வெள்ளி சபிக்கிற எகிப்துக் கலீஃபாவுடையது. ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று என் கையால் கட்டுச்சோறு வாங்கிக்கொண்டு போனாயே, அப்போதே மனதில் இதுதான் இருந்ததா? நம் அரண்மனைத் தறிக்கூடத்தில் வாப்பா எந்த முகத்தோடு உட்காருவார் என்று ஒரு நிமிடம் நினைத்தாயா? வயிறு எரிகிறதடா.

வாப்பா அன்றே வெள்ளை உடுத்திக்கொண்டார். கோடையில் ஊரே வெள்ளைதானே உடுத்துகிறது, நானும் ஒன்றும் நினைக்காமல் துவைத்துத் துவைத்துப் போட்டேன். கோடை போய் ஊரெல்லாம் வண்ணத்துக்கு மாறியதும் அவருடைய நீலக் கம்பளி அங்கியை எடுத்து வைத்தேன், தொடவில்லை. "புள்ள மௌத்தாயிட்டான், வெள்ளைய மாத்தச் சொல்றியா நீ?" என்றார். கோடை முழுக்க அவர் உடுத்தியது துக்கத்துணி என்று அப்போதுதான் விளங்கியது.

தெருவில் வெள்ளையோடு அவரைப் பார்த்த பெண்கள், ஹஜ் வழியில் நீ மௌத்தாகிவிட்டாய் என்று நினைத்து, ஆட்டுக்கறியும் கோதுமைக் கஞ்சியுமாகத் துக்கச் சோறு தூக்கி வந்துவிட்டார்கள். "அழுதுரு மைமூனா, உள்ளயே வச்சுக்காத" என்றாள் ஒருத்தி. எம்புள்ள உசுரோட இருக்கான்டி என்று கத்த வாயெடுத்தேன். எங்கே இருக்கிறான் என்று கேட்பார்கள், சொன்னால் வாப்பாவின் தலை தங்காது. அபூ கலஃபும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். உட்கார்ந்து அழுதேன், அவர்கள் ஊட்டியதைத் தின்றேன். மறுநாள் நானும் வெள்ளை உடுத்தினேன்.

படித்ததும் இதை எரித்துவிடு. அங்கே குளிர்காலத்தில் மார்புச்சளி வந்தால் தேனை வெந்நீரில் கலந்து குடி. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், ஐந்து வேளையும் அதைத்தான் கேட்கிறேன். ஊருக்கு மட்டும் வந்துவிடாதே. வந்து வாசலில் நின்றால் யாரென்றே தெரியாது என்றுதான் சொல்லுவேன்.

உன்னைப் பெற்ற
மைமூனா