பதினைந்துக்குப் பூஜ்யம்

தின்கன்ஜூன், யாங்கோன், மியான்மர்
வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் மாஹிருக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். உன் சுகத்துக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

என் சிநேகிதர் பர்கத்துல்லாவின் மகள் மெஹ்ரீன் சனிக்கிழமை ஜப்பானுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புவதால் இதில் எதையும் மறைக்காமல் எழுதலாம். உன் அம்மா செய்த இறால் வறுவலும் கூடவே வருகிறது.

நீ அனுப்பிய போட்டோவால் எனக்குத் தலை சுற்றுகிறது. வழியில் பட்டாளத்தார் போனை வாங்கிப் பார்ப்பார்கள் என்று, உன் விசா விஷயத்தை ஆட்டச் செய்தியாக எழுதுவதாகத்தானே பேசிவைத்தோம்? ஜெயித்தால் விசா நீட்டித்தாயிற்று, தோற்றால் ஊருக்குத் திரும்புகிறாய். கால்பந்து என்று நினைத்திருந்தேன். நீயோ 1953 என்று போட்ட ஒரு பேஸ்பால் ஸ்கோர் பலகையின் படத்தை அனுப்பி, நீ பார்த்துக்கொள்ளும் தொண்ணூறு வயதுத் தாத்தா ஆடிய ஆட்டம், படத்தைப் பார்த்து அழுதுவிட்டார் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். மேல் வரிசை முழுக்கப் பூஜ்யம். கீழ் வரிசையைக் கூட்டினால் பதினைந்து. தாத்தா மேல் வரிசையா, கீழ் வரிசையா? திருப்பிக் கேட்கலாம் என்றால் அன்று மாலையே போன் லைன் போய்விட்டது. ஒன்பது நாளாகிறது.

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். கீழ் வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. விசாத்தாளில் அப்படிப் போட்டால் என்ன அர்த்தம்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஜப்பான் மொழி வகுப்பு நடத்தும் ஸயாமா டீச்சரிடம் போனேன். என்னையும் படிக்க வந்தவன் என்று நினைத்து முதலில் விண்ணப்பத்தாளை நீட்டினார். பிறகு விளக்கினார். சம்பளத்துக்கு ஆடும் பெரிய குழுக்களாம். வெற்றி உறுதியானவர்கள் கடைசி முறை மட்டை பிடிக்க வேண்டியதில்லையாம், அந்தக் குறி அதற்குத்தானாம். தோற்றவர்கள் ஒரு ஓட்டம்கூடவா எடுக்க மாட்டார்கள் என்று கேட்டேன். அப்படியும் நடக்கும் என்றார். தாத்தா எந்தக் குழு என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்!

உன் அம்மாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை. தாத்தா அழுதார் என்றால் தோற்றவர், ஆகவே நீ வருகிறாய். உன் மெத்தையை வெயிலில் போட்டாயிற்று. ஜெயித்தவரும் வயதான காலத்தில் அழுவார் என்றால் என்னை முறைக்கிறாள்.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியல் வார்டு ஆபீசுக்கு வந்திருக்கிறது. உன் பெயர் இருப்பதை நானே பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். "அவங்களுக்கு நம்ம புள்ளதானா கெடச்சான், நீங்க சும்மா பயப்படாதிய" என்கிறாள். பக்கத்துத் தெரு கரீமாவின் மகனைக் கூட்டிப்போய் ஐந்து மாதம், ஒரு தகவலும் இல்லை. அந்தக் கரீமாவை இவள் தினமும் மார்க்கெட்டில் பார்க்கிறாள், பார்த்துவிட்டு வந்துதான் இப்படிச் சொல்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. உன்னைப் பார்த்து இரண்டு வருஷமாயிற்று, எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

விசா கிடைத்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால் பர்கத்துல்லாவின் தம்பி பினாங்கில் இருக்கிறார். உன்னை வரச் சொல்லிவிட்டார். நம்பர் மெஹ்ரீனிடம் இருக்கிறது, அங்கே போய்விடு.

இன்னும் ஒன்று. லைன் வந்ததும் நீ கூப்பிடுவாய். உன் அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டு, வரச் சொல்லுங்கள் என்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மாற்றிப் பேச முடியாது. வா என்றுதான் சொல்வேன். என் குரலில் சந்தோஷம் இருக்கும், அது நடிப்பாக இருக்காது. அப்படியும் வராதே மகனே. அல்லாஹ் உன்னை எங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்திலேயே வைத்துக் காப்பாற்றுவானாக. ஆமீன்.

உன் அத்தா
அமீர் அலி