பிளாட் 27, பெண்டிங்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் முதுகைச் சுடுகிறது. மார்ச்சிலேயே இப்படி.

செய்ய வேண்டியவை: பென்னாகரம் ரோடு வீட்டு மாடி பிளான், படிக்கட்டை இடம் மாற்ற (நாலாவது முறை. அந்த ஆளுக்கு வீடு வேண்டாம், படிக்கட்டு மட்டும் போதும்போல). பிரிண்டருக்கு மை. தங்கை வீட்டுக்கு கேஸ் புக் பண்ண. பல் டாக்டர், அடுத்த வாரம்.

பத்து மணிக்கு நல்லம்பள்ளி பக்கத்துத் தொழிற்பேட்டையில் கூட்டம். ஷாமியானா, சால்வை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சின்னத் தொழில் மனைகளுக்கு இனி யாரும் பிளான் வரைய வேண்டியதில்லையாம். ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்த மாதிரி வரைபடங்கள் வெப்சைட்டிலேயே இருக்குமாம். மனை அளவுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தால் அன்றைக்கே கட்டட அனுமதி. "ரெடிமேட் சட்டை மாதிரிங்க" என்றார். கைதட்டல். இந்தக் கூட்டத்தில் ரெடிமேட் சட்டை எவனுக்குத் தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன். ஒருத்தனுக்கும் இல்லை, மேடையில் இருந்தவரையும் சேர்த்து.

இருபத்தாறு வருஷமாகப் பிளான் வரைகிறேன். டிப்ளமோ, லைசென்ஸ், ரப்பர் ஸ்டாம்ப். என்னைச் சட்டை தைக்கிறவளாக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஓசூர் போய்விட்டார்.

பக்கத்து நாற்காலியில் சித்ரா. கடத்தூர்க்காரி. சித்தேரி மலைப் பெண்களிடம் புளி வாங்கி, கொட்டை எடுத்து, அச்சுப் போட்டு, பாக்கெட் கட்டி விற்கிறாள். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. எலி, மழைக்காலத்தில் புளி கசிந்து கறுக்கிறது. இரண்டு வருஷம் அலைந்து இந்தத் தொழிற்பேட்டையில் பிளாட் 27க்கு ஒதுக்கீடு வாங்கினாள். மனுவெல்லாம் நான் போட்டதுதான். அனுமதிக்கு நான் வரைந்த பிளான் இரண்டு முறை திரும்பி வந்தது. இப்போது கெடு நெருங்கிவிட்டது: மார்ச் 10க்குள் அனுமதியைக் காட்டி அஸ்திவாரம் தோண்ட வேண்டும். இல்லையென்றால் பிளாட் அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆள் ஒரு கல்குவாரி முதலாளியின் மச்சான். லாரி நிறுத்த இடம் தேடுகிறான்.

"ஏங்க்கா, அப்ப நீங்க வரைய வேணாமுங்களா?" என்றாள் சித்ரா. முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"போட்டுத்தான் பாரேன்" என்றேன்.

இரண்டு மணிக்கே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து முருகேசன் பிரவுசிங் சென்டரில் போட்டுவிட்டாள். போன வருஷம் நான் சீட்டில் எழுதிக் கொடுத்த அதே ஐடி, பாஸ்வேர்டு. "வகை 3 ஷெட்டுங்க்கா. பத்து நிமிசங்கூட ஆவலீங்க." வாழ்க.

போன் நாள் முழுக்கக் கத்தல். யாருடைய பட்டாவோ, யாருடைய கரண்ட் பில்லோ. நான் மனு போட்டுக் கொடுக்கும் எல்லோருக்கும் என் நம்பரைத்தான் போடுவேன். வேறு என்ன செய்வது? இந்த ஜனங்கள் மாசத்துக்கொரு சிம் மாற்றுவார்கள், ஓடிபி என்றால் கடன்காரன் என்று கட் பண்ணுவார்கள். மெசேஜ் சத்தத்தை அணைத்துவிட்டேன். நிம்மதி.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். இட்லி புளித்துப்போச்சு.

வகை 3 வரைபடத்தை இறக்கிப் பார்த்தேன். ஒரு மணி நேரம். குற்றம் கண்டுபிடிக்கத்தான், வேறெதற்கு.

1. கக்கூஸ் வடகிழக்கு மூலையில். ஈசானியத்தில்! வரைந்தவன் எந்த ஊர்?
2. லாரி வாசல் ஒரே பக்கம். திருப்பிப் போட வழியில்லை.
3. ஆபீஸ் ரூமில் ஒரே ஜன்னல்.
4. மழைநீர்க் குழாய் வைத்த விதம் நன்றாகத்தான் இருக்கிறது. என்னுடையதைவிட நன்றாக. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

கக்கூஸ் விஷயத்தை சித்ராவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் மாமனார் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். விழுந்தது. பின்னால் அவர் சத்தம்: "ஈசானில கக்கூசா? அந்தக் கட்டடத்துல நான் கால் வெக்க மாட்டன்." அதற்கு சித்ரா: "நீங்க வெக்க வேணாம் மாமா, புளிதான வெக்கப் போறம்."

சாயங்காலம் வரை அனுமதி வரவில்லை. முருகேசன் சைட்டைத் திறந்து பார்த்துச் சொன்னானாம்: பெண்டிங். சிவப்பு எழுத்தாம்.

பெண்டிங்! அன்றைக்கே அனுமதியாம்! ரெடிமேட் சட்டையாம்! எனக்கு இன்றைக்கு ராத்திரி சோறு இரண்டு கரண்டி அதிகம் இறங்கியது. எழுதினால் எழுதினதுதான்.

மார்ச் 5, புதன்

படிக்கட்டு ஐந்தாவது முறை. அந்த ஆளை ஏணியில் குடிவைக்க வேண்டும்.

சித்ரா காலையிலேயே வந்தாள். "இப்ப என்னாங்க்கா பண்றது?" பெண்டிங் என்றால் எவனோ ஒருவன் மேசையில் கிடக்கிறது, போய் நின்றால்தான் நகரும் என்றேன். இந்த மாவட்டத்தில் இதைச் சின்னக் குழந்தைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்பேட்டை ஆபீசில் கண்ணாடி போட்ட உதவியாளர் ஒருத்தர் இருக்கிறார், அவரைப் பார் என்று அனுப்பினேன்.

மூணு மணி நேரம் நின்றிருக்கிறாள். அவர் சொன்னது: "எங்க மேசைக்கு எதுவும் வரலீங்கம்மா. இது கம்ப்யூட்டர் தானா குடுக்கிறது. சைட்ல முழுசாப் படிச்சுப் பாருங்க."

கம்ப்யூட்டர் தானாகக் கொடுக்குமாம். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை விதமாக விரட்டியிருக்கிறார்கள்! சாப்பாட்டு நேரம், மீட்டிங், சார் லீவு, சீல் இல்லை. இப்போது கம்ப்யூட்டர். நல்ல முன்னேற்றம். நாளைக்கு முதல் தரப் புளி இரண்டு கிலோ எடுத்துப் போ என்று சொல்லியனுப்பினேன்.

மார்ச் 6, வியாழன்

கரண்ட் இல்லை, பத்திலிருந்து ஒன்று வரை. விசிறி: பழைய புளூபிரிண்ட்.

அந்தக் கண்ணாடி உதவியாளர் புளியை வாங்கவில்லை. "யாரும்மா உங்களுக்கு இதெல்லாஞ் சொல்லித் தர்றது?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டாராம். சித்ரா பையோடு வந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது. யார் சொல்லித் தந்தது என்று அவள் அங்கே சொல்லவில்லை.

யோக்கியனாம். இரண்டு கிலோ பத்தவில்லை என்பதை இப்படியும் சொல்வார்கள்.

புளூபிரிண்ட் விசிறியில் பார்த்தேன், அரூர் ரைஸ்மில் ஷெட், வருஷம் பதினெட்டு ஆகிறது. இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதலாம். நான் ஷெட் பிளான் ஒன்றுதான் வரைந்திருக்கிறேன். அது இந்த ரைஸ்மில். அப்புறம் வந்ததெல்லாம் பெயரும் சர்வே எண்ணும் மாற்றினது. சித்ராவுக்குக் கொடுத்ததும் இதுதான். முதல் முறை திரும்பி வந்தது வடக்கு அம்புக்குறி தப்பு என்று. அரூர் மில்லுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

ஆனாலும் வெப்சைட் செய்வதும் நான் செய்வதும் ஒன்றல்ல. என்ன வித்தியாசம் என்று நாளைக்கு யோசிக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

பிரிண்டருக்கு மை வாங்கினேன். தப்பான மை.

சித்ரா போனில். சித்தேரியில் இரண்டாவது தடவை உலுக்கின புளி தயாராம். அந்தப் பெண்கள் மொத்தத்தையும் இவளுக்கென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் ஷெட் வந்துவிடும், எல்லாவற்றையும் நானே எடுக்கிறேன் என்று தை மாசமே வாக்குக் கொடுத்துவிட்டாளாம். கீழே கமிஷன் வியாபாரி வண்டியோடு காத்திருக்கிறான்.

"என்னான்னு சொல்லட்டுங்க்கா? பிளாட்டு நிக்கும்னா மூணு மாசத்துக்கு எங்கியாச்சும் வாடகைக்குப் போட்டு வெச்சிருவன். நிக்காதுன்னா அவங்கள ஏமாத்துன மாதிரி ஆயிரும்."

சைட்டில் இன்னும் அதே சிவப்பு பெண்டிங்கா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். "இந்த வெப்சைட்டை நம்பி வாக்குக் கொடுக்காதே. வேண்டாம்னு சொல்லிடு" என்றேன். தெளிவாக, உறுதியாக, அனுபவசாலி மாதிரி சொன்னேன்.

தங்கை மூணு மிஸ்டு கால். எடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். வாட்ஸப்பில் பதினோரு ரோஜா. படிக்கட்டு ஆளும் ஒன்று அனுப்பியிருக்கிறார், 'பெண்ணே நீ ஒளி' என்று. பீஸ் பற்றி ஒளியில்லை.

மலைக்குச் சொல்லியனுப்பிவிட்டாளாம். மத்தியானமே வியாபாரி வண்டி மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டது. "அவன் கேட்ட வெலைக்கே குடுத்துட்டாங்களாங்க்கா. மலையில இருக்கற பெரிய ஆத்தா திட்டக்கூட இல்லீங்க. சரி கண்ணு, அடுத்த வருசம் பாப்பம்னுச்சுங்க."

சித்ரா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிளாட்டைத் தானாக ஒப்படைப்பதாக ஒரு கடிதம் எழுதித் தந்தேன். ரத்தாவதைவிட அது கௌரவம், அடுத்த பட்டியலில் பெயர் நிற்கும். திங்கள் காலை கொடுக்கப் போகிறாள். கடிதம் நன்றாக வந்திருக்கிறது. அரசாங்கத்தை இரண்டு இடத்தில் குத்தியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் தங்கை நேரிலேயே வந்துவிட்டாள். நாலு நாளாக விறகில் சமையலாம். "கேஸ் வந்து வூடு பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிட்டான். மெசேஜ் வந்துச்சா இல்லியா உனக்கு? உன்ர நம்பரத் தான குடுத்திருக்கற!"

வந்திருக்காது என்று நிரூபிக்கத்தான் போனை எடுத்தேன். படிக்காத மெசேஜ் அறுநூற்றுச் சொச்சம். தள்ளிக்கொண்டே போனேன். புதன், செவ்வாய். கேஸ் மெசேஜ் இருந்தது. அதற்குக் கீழே, திங்கட்கிழமை, மதியம் 2.52:

'பிளாட் எண் 27. வகை 3 வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. கீழுள்ள இணைப்பில் உறுதிமொழியை ஏற்று அனுமதியைப் பெற்றுக்கொள்ளவும். ஏழு நாட்களுக்குப் பின் விண்ணப்பம் காலாவதியாகும்.'

தங்கை ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள்.

சைட்டைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் பெண்டிங். அதன் பக்கத்தில் சின்னதாக, கறுப்பில்: விண்ணப்பதாரரிடம். பெண்டிங் விண்ணப்பதாரரிடம். முருகேசன் சிவப்பை மட்டும் படித்தான். நான் அதைக்கூடப் படிக்கவில்லை, கேட்டதோடு சரி. பெண்டிங் என்றால் ஆபீசர் மேசை. அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது?

என் மேசை. ஆறு நாளாக என் மேசையில், பல் டாக்டர் சீட்டுக்குப் பக்கத்தில்.

இணைப்பை அழுத்தினேன். ஓடிபி. போட்டேன். உறுதிமொழி சித்ராவுடையது; டிக் அடித்தது நான், பழக்கதோஷம். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. யார் காலிலும் விழாமல்.

போன் போட்டேன். "வந்துடுச்சு சித்ரா."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்களே?"

"சர்வர் பிரச்சினை. இப்பதான் சரி பண்ணியிருக்காங்க."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! அவள் "நீங்க இல்லீனா நான் என்னாங்க்கா பண்ணியிருப்பன்" என்றாள். தங்கை என்னைப் பார்த்தாள்.

புளி போய்விட்டது. அது மட்டும் திரும்பி வராது.

மார்ச் 10, திங்கள்

காலை ஆறரை. பிளாட் 27. லேசான காற்று. கடப்பாரை, மஞ்சள், தேங்காய். மாமனார் வந்திருந்தார், ஈசானிய மூலையைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு. சித்ரா புதுப்புடவை.

பத்து மணிக்குக் கண்ணாடி உதவியாளர் வந்தார், தோண்டினதைப் பார்த்துக் கையெழுத்துப் போட. அனுமதித் தாளை வாங்கி, அடி வரை படித்தார். அந்த ஆள் எதையும் அடி வரை படிக்கிறவர்.

"ஒப்புதல் போன திங்கக்கெழமையே வந்திருக்குதேம்மா. விண்ணப்பதாரர் ஏத்துக்கிட்டது நேத்துதான். இத்தன நாளா ஏன் விட்டு வெச்சீங்க? நான்தான் சைட்ல முழுசாப் படிங்கன்னு சொன்னனே."

சித்ரா தாளை வாங்கிப் பார்த்தாள். 3ஆம் தேதி, 2.52. பிறகு என்னைப் பார்த்தாள். சர்வர் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"மெசேஜ் என் போனுக்கு வந்தது. நான் படிக்கல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உதவியாளர் வேறு பக்கம் பார்த்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவரை நான் இந்த நோட்டில் என்னென்ன எழுதியிருக்கிறேன்!

சித்ரா வேலையாட்களுக்கு டீ ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள், சர்க்கரை போடாமல், எனக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி. அப்புறம் அவள் போனில் சைட்டைத் திறந்து என் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த நம்பர என்னோடதுக்கு மாத்தணுங்க. மாத்தறதுக்குப் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும்னு போட்டிருக்குது. முழுசாப் படிச்சிட்டனுங்க."

என் போன் அதிர்ந்தது. சத்தம் இன்னும் அணைத்தபடிதான். எடுத்துப் படித்தேன், ஆறு எண். நாலாவதை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். தட்டினாள். மாறிவிட்டது.