இசக்கித்தாயின் கையெழுத்து

நாங்குநேரி,
2.2.2025

அன்புள்ள பிரேமலதா டீச்சருக்கு,

மாடக்கண்ணு எழுதுவது. முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அடுத்தது எள் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரியெல்லாம் வலது பக்கம் போகப் போக மேட்டில் ஏறுகிறது. காலையில் உட்கார்ந்தேன், இப்போது அடுப்பில் மத்தியானக் குழம்பு கொதிக்கிறது. எழுதி முடித்ததும் மருமகள் முத்துராணி போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவாள்.

நான் நலம். வாசிக்கத் தெரிந்த பிறகு வாய் மூடுவதில்லை. பஸ் பலகை, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. முத்துராணி நேற்றுச் சொன்னாள்: “மாமா, ரேஷன் கடை போர்டு நேத்து இருந்தமாதிரியேதான் இருக்கு. நீங்க தெனமும் சத்தமா வாசிச்சா அரிசி கூடவா போடப் போறாவ?”

நீங்கள் ரீயூனியன் தீவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன பிறகு, சல்மான் ஃபாரிஸ் சார் மேலப்பாளையத்திலிருந்து பைக்கில் வந்து நம் முதியோர் சாயங்கால வகுப்பை நடத்துகிறார். நல்ல பொறுமைசாலி. எல்லாரும் வருகிறோம். இசக்கித்தாய் மட்டும் வருவதில்லை. காரணம் நான்தான்.

ஜனவரி இருபத்தாறு கிராம சபையில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடவேண்டும் என்று தீபாவளியிலிருந்து அவள் எழுதிப் பழகியது உங்களுக்குத் தெரியும். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். மைப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். பாதிப் பேர் எழுதினாள். பிறகு கை நின்றுவிட்டது. பின்னாலிருந்து எவனோ, “ஏலே, இந்தப் பேரு முடியதுக்குள்ள அடுத்த குடியரசு தினம் வந்துரும்லா” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நம் பக்கத்தில் தலைச்சுமையோடு ஒருத்தி தடுமாறினால் கேட்டுக்கொண்டா நிற்போம்? கை தானாகப் போய்ச் சுமையை இறக்கும். அப்படித்தான் என் கை போனது. அவள் விரலிலிருந்து பேனாவை எடுத்து மிச்சப் பேரை நானே எழுதினேன். தலைவர் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, டீச்சர். அந்தச் சந்தோஷம்தான் இப்போது என்னைத் தின்கிறது.

இசக்கித்தாய் மைப்பெட்டியைத் திரும்ப இழுத்து, நான் எழுதிய பேருக்குப் பக்கத்தில் பெருவிரலை அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
மாடக்கண்ணு


சென் பியேர், ரீயூனியன் தீவு,
9.2.2025

அன்புள்ள மாடக்கண்ணு தாத்தாவுக்கு,

நீங்கள் வாசிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் வரிகள் மேட்டில் ஏறினால் ஏறட்டும். ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டீர்களே! இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை சிரிக்க முடியவில்லை.

உங்களைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. இங்கே என் வகுப்பில் ஜோசியான் என்று ஓர் அம்மா இருந்தார், ஆஸ்பத்திரியில் வேலை. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர். கோயிலில் தமிழ்ப் பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் பார்த்துப் பாடுவார், பொருள் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார். ஒரு வாக்கியம் தொடங்குவார், யோசிப்பார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது. உடனே நானே சொல்லி முடித்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் “நன்றி” என்பார். மூன்று வாரமாக ஆளைக் காணோம்.

பயிற்சியில் எனக்குப் பட அட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் சொல்லித்தந்தார்கள். சொல்லித்தந்த எவருக்கும் வயதான பிறகு ஒரு மொழியின் முன்னால் உட்கார்ந்து விழித்த அனுபவம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லுங்கள். இசக்கித்தாயையும் நேரில் போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
பிரேமலதா


நாங்குநேரி,
16.2.2025

அன்புள்ள டீச்சருக்கு,

போய்ப் பார்த்தேன். முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“வாங்க அண்ணாச்சி. இன்னைக்கு யாரு பேர எழுதிக் குடுக்க வந்திருக்கிய?”

“ஒனக்கு ஒத்தாசையாத்தானே செஞ்சேன், தாயி.”

“நா கேட்டனா? வாயத் தொறந்து கேட்டனா? எம் பேருக்கு ஒங்களுக்குக் கைதட்டுனாவ. ஒங்களுக்கு மொகமெல்லாம் பல்லு.”

மன்னிப்புக் கேட்கப் போனவன் கேட்காமலே திரும்பிவிட்டேன். கேட்டால் அவள் ‘சரி’ என்று சொல்லியாக வேண்டும். அதுவும் ஒரு பிடுங்கல்தானே?

நீங்கள் கேட்டதற்கு எழுதுகிறேன். எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, பேனாவைப் பிடுங்கினவன் புத்தி சொல்வதா என்று. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

‘இது சுலபம்’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். முதல் நாள் நீங்கள் அப்படிச் சொன்னீர்கள். எனக்கு வேர்த்துவிட்டது. சுலபமானதே வரவில்லையென்றால் நான் எவ்வளவு பெரிய மட்டி! ‘கஷ்டம்தான்’ என்றிருந்தால் தைரியமாகத் தப்பு செய்திருப்பேன்.

எதற்குப் படிக்கிறாய் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்குப் பஸ் பலகை வேண்டியிருந்தது. நீங்கள் அணிலும் ஆடும் காட்டினீர்கள். அணிலை நான் எழுபது வருஷமாகப் பார்க்கிறேன். ‘வள்ளியூர்’ என்று எழுதிக் காட்டிய அன்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்த அம்மாவுக்குக் கோயில் பாட்டு வேண்டுமென்றால் அதில் இரண்டு வரியை முதலில் கொடுங்கள்.

சின்னப் பிள்ளைக்குக் கைதட்டுவது போலத் தட்டாதீர்கள். சீக்கிரம் சொல்கிறவனை அடக்கிவையுங்கள். வகுப்பில் அது நான். சல்மான் சார் கேள்வியை முடிக்குமுன் நான் பதில் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு இசக்கித்தாய் எத்தனை நாள் வாயை மூடியிருந்தாளோ, நான் பார்க்கவில்லை.

எங்கள் பேனா நின்றால் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். அது எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா? யாரும் பார்க்காதபோது கை ஓடும். அதை விட்டுவிடாதீர்கள்.

மணிமுத்தாறு கால்வாயில் தண்ணீர் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடக்கண்ணு


சென் பியேர்,
2.3.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் வழியே நான் பார்த்தது ஆறரை மணி பஸ்ஸை. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நீங்கள் உபகாரம் என்று எழுதியதை வாசித்தபோது என் முகம் சுட்டது. இங்கே பஸ் கவலை இல்லை, அதனால் மாணவர் முகத்தையே உற்றுப் பார்க்கிறேன் போல.

ஜோசியானுக்குப் போன் செய்தேன். ‘நான் குறுக்கே பேசியது தவறு, உங்கள் பாட்டைக் கொண்டுவாருங்கள்’ என்றேன். செவ்வாய்க்கிழமை வந்தார். தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல வெகு நேரம் எடுத்துக்கொண்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி தவறு. முழுக்க அவருடையது. முடித்துவிட்டு அவர் நன்றி சொல்லவில்லை, தாத்தா. அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வியை நீங்கள் இசக்கித்தாயிடம் கேட்டீர்களா? அவருக்கு என்ன வேண்டுமாம்?

அன்புடன்,
பிரேமலதா


நாங்குநேரி,
19.3.2025

அன்புள்ள டீச்சருக்கு,

கேட்டேன். மாவு மில்லில் வைத்துக் கேட்டேன். “இசக்கி, ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு, செய்யுதேன்.” சோற்றில் உப்புக் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: “நீங்க இல்லாத வகுப்பு வேணும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மில் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

மறுநாள் சல்மான் சாரிடம் விஷயத்தைச் சொல்லி வகுப்பிலிருந்து நின்றுகொண்டேன். “ஒங்களுக்குத் தனியா ஒரு நேரம் வைக்கேன் தாத்தா” என்றார். அவர் இருட்டில் மேலப்பாளையம் போய்ச் சேரவேண்டியவர். வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டில் முத்துராணிக்குக் கோபம். “இம்புட்டு ஆசையாப் போனிய. அவ சொன்னா நீங்க நிக்கணுமா?” என்கிறாள். நிற்கத்தான் வேண்டும். என் ஆசை அவள் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டது.

திங்கட்கிழமை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இசக்கித்தாய் பையோடு வகுப்புக்குப் போனாள். என்னைப் பார்த்தாள், நடையை நிறுத்தவில்லை. மன்னித்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. மே தினக் கிராம சபையில் அவள் கையெழுத்துப் போடுவாளோ, மாட்டாளோ. அந்த வரிசையில் அவளுக்கு வெகு முன்னால் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

பாடப் புத்தகம் பாதியில் நிற்கிறது. பொய் சொல்ல மாட்டேன், வருத்தம் இருக்கிறது. ஆனால் வகுப்பு நடக்கிற அதே நேரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வரும் வாரமும் இந்த நேரத்துக்கு உங்களுக்கு எழுத உட்காருவேன், எனக்கு இப்போது வேறு வகுப்பு இல்லை. தப்பு இருந்தால் வட்டம் போட்டுக் காட்டுங்கள், டீச்சர். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

மாடக்கண்ணு