கடலுக்குப் போகாத ஆறு

அறப்பளீஸ்வரர் துணை

வாழவந்தி நாடு,
புதன்கிழமை.

தம்பி செங்கோட்டையனுக்கு, மாதேஸ்வரன் வீட்டுக் கலைச்செல்வி எழுதுவது. வெள்ளத்தில் உங்கள் காலில் பட்ட அடி ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விடவில்லை. மிளகுக் கொடியில் வாடல் விழுந்துவிட்டது.

நேற்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: மாமனார் அருணாசலம், கொழுந்தனார் தமிழ்செல்வன், நாத்தனார் சென்னம்மாள், பள்ளிக்குப் போகாத என் மகள் மோனிஷா, நான். அங்கே ஆற்று வெள்ளம் கொண்டுபோன என் வீட்டுக்காரருக்கு மகாளய அமாவாசையன்று கருமாதி செய்துவிடலாம் என்று பேசினார்கள். நாத்தனார் கொண்டுவந்த பையில் வெள்ளைச் சேலை இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"நாப்பத்தோரு நாளாச்சுங்க அண்ணி. அந்த ஆறு கடல்ல சேருதுன்னு போலீஸ் தாள்லயே இருக்குதுங்க. கடலுக்குப் போனவரை எங்கீங்க தேடறது?" என்றார் கொழுந்தனார்.

"அது கடலுக்குப் போற ஆறு இல்லீங்க" என்றேன். யாரும் நம்பவில்லை.

அவர் போனில் சொல்வதையெல்லாம் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைப்பேன். ஆடி பதினான்காம் தேதியில் இப்படி இருக்கிறது: இந்த ஆறு மொட்டைக் குன்றில் பிறக்கிறது. மேல் ஊரார் ஆட்டுத்தடம் என்கிறார்கள். நடு ஊரார், சொல்லாமல் வந்து போவதால், திருடி என்கிறார்கள். கீழ் ஊரில் பெயரே இல்லை. அதற்கப்பால் நான்கு மைல் ஓடி உப்புத் தரையில் வற்றிவிடுகிறது. நம் மலையில் முழங்கால் அகல ஓடைக்கும் ஒரு பெயர் உண்டு, இங்கே ஒரே ஆற்றுக்கு இரண்டு பெயர் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்று சிரித்தார்.

நீங்கள் அனுப்பிய இந்திப் போலீஸ் தாளை இங்கே பேங்கில் இருக்கும் வடநாட்டு அதிகாரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதில் எழுதியிருப்பது முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆற்றின் பெயராம். தேடியதும் அந்தக் கரையில்தானாம். சின்ன ஆறு அவர்கள் படத்தில் இல்லைபோலும்.

மணல் சமமாக இருக்கிறதென்று ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியை ஆற்றுக்குள் நிறுத்தச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஓடையில் படுக்கக்கூடாது என்று மலையில் பிறந்தவருக்குத் தெரியும். தெரிந்தும் உங்களோடு படுத்தார். அங்கே ஒரு சொட்டு மழை இல்லாமல், விடியலில் மேட்டிலிருந்து தண்ணீர் வந்தது என்று நீங்கள் சொன்னதை நம்புகிறேன். போன் செய்தால் "பாக்கறேங்க அக்கா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கடலுக்குப் போகாத தண்ணீர் அவரை எங்கேயாவது வைத்துத்தானே இருக்கும்? உயிரோடு என்று நான் சொல்லவில்லை. எப்படி வைத்திருந்தாலும் சரி. கீழ் ஊரைத் தாண்டி அந்த நான்கு மைலும் யாராவது நடந்தார்களா? இல்லையென்றால் நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள் சாமி. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நன்றாக இருப்பீர்கள்.

அமாவாசைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பதில் சீக்கிரம் போடுங்கள்.

உங்கள் அக்கா,
மா. கலைச்செல்வி