கடைசிப் பச்சைப் புள்ளி

கோயம்புத்தூர்,
18 பிப்ரவரி 2025

அன்புள்ள ராம்,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தைத் தபாலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஊரே ஃபோனில் செய்தி அனுப்பிக்கொள்கிறது. கம்பெனியே மூடிப்போன உங்கள் கேரோ ஃபோனில் அந்த ஆப் எதுவும் இப்போது ஓடுவதில்லை. கூப்பிட்டுப் பேசலாமென்றால் இரண்டாவது நிமிடமே சண்டை. ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் இருக்கிற அம்மா, "வூட்டுக்காரருக்குங்களா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன்.

கல்லூரியில் இன்டர்னல் தேர்வு நடக்கிறது. வைஜயந்தி வீட்டு மாடியில்தான் இன்னும் இருக்கிறேன். தங்கை வீடு என்றாலும் எத்தனை நாள் என்று மனது கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வயிற்று வலி என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். மார்ச் 12 ஆபரேஷன். 11ஆம் தேதி காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கட்டி எப்பேர்ப்பட்டது என்பது வெளியே எடுத்துச் சோதித்த பிறகுதான் தெரியுமாம்.

நீங்கள் வர வேண்டும். என் அப்பாவின் வருஷ திதிக்கு வரவில்லை. ஏதோ சர்வர் சான்றிதழ் காலாவதியாகிறது, அன்றைக்கே மாற்றாவிட்டால் நீங்கள் கட்டிய ஆப் திறக்காது என்றீர்கள். அதை விட்டுவிட்டேன். இதை விட மாட்டேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள். தினம் வடாபாவ் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
அகல்யா

---

சாங்வி, புணே,
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அகல்யா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தைத் தேர்வுக்கும் வடாபாவுக்கும் நடுவில் வைத்து எழுத உன்னால்தான் முடியும். டிக்கெட் போட்டுவிட்டேன். 11ஆம் தேதி மதியம் விமானம். மாலை உன் பக்கத்தில் இருப்பேன்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேட்காததுதான் எனக்கு உறுத்துகிறது. நீ இங்கே இருந்தபோது 'நலமா' ஆப்பில் எத்தனை பேர்! தனியாக இருப்பவர்கள் காலையில் எழுந்து 'நலம்' என்று பட்டனை அழுத்துவார்கள். பத்து மணிக்குள் அழுத்தாவிட்டால் அவர்கள் கொடுத்துவைத்த எண்ணுக்குத் தகவல் போகும். கேரோ கம்பெனி கடையைக் கட்டிய பிறகு ஒவ்வொருவராக வேறு ஃபோன் வாங்கிப் போய்விட்டார்கள். இப்போது என் திரையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான்.

யாரென்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று கட்டியவனும் நான்தான். பெயர் இல்லை, எண் இல்லை. ஆப்பை எந்த ஃபோன் கடையில் ஏற்றினார்கள் என்பது மட்டும் இருக்கும். இந்த ஆள் ஏற்றியது சாங்வியில், நம் தேஜஸ் கடையில். இங்கேயே, நம் தெருப்பக்கம் எங்கோ இருக்கிறார். என்னை உலுக்குவது என்னவென்றால், தகவல் போக வேண்டிய எண்ணை அவர் நிரப்பவே இல்லை. காலியாக விட்டிருக்கிறார். சொல்லிக்கொள்ள ஒரு மனிதர் இல்லாதவர். நான் சர்வரை அணைத்துவிட்டால் அவருக்கு ஒன்று ஆனாலும் யாருக்குத் தெரியும்?

என் பழைய நண்பன் நிர்மல் விமான் நகரில் இருக்கிற தன் கம்பெனிக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறான். "செத்த ஃபோனுக்கு எத்தனை நாள்டா பால் ஊத்திட்டு இருப்ப?" என்கிறான். கோபம் வருகிறது. அவன் சொல்வது பொய்யில்லை என்பதால் இன்னும் கோபம் வருகிறது.

பேட்டரியைத் தின்கிற கோளாறு ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்து 10ஆம் தேதி புது வெர்ஷனை அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. மறுநாள் கிளம்பிவிடுவேன்.

உன்
ராம்பிரசாத்

---

கோயம்புத்தூர்,
3 மார்ச் 2025

அன்புள்ள ராம்,

டிக்கெட் போட்டதற்கு நன்றி என்று எழுதி அடித்துவிட்டேன். புருஷனுக்கு யாராவது நன்றி எழுதுவார்களா!

"மாமா வருவாருன்னு நெசமாலுமே நம்பிட்டு இருக்கறயாக்கா?" என்று வைஜயந்தி கேட்டாள். டிக்கெட்டே போட்டாயிற்று, உன் வேலையைப் பார் என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். உங்களுக்காக அவளோடு சண்டை போடுவதில் எனக்கு இன்னும் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இழுப்பதாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் காலையில் அந்தப் புள்ளி பச்சையாகாவிட்டால் என்ன செய்வீர்கள்?

பயமாக இருக்கிறது, ராம். வைஜயந்தியிடம் சொன்னால் அவள் அழுதுவிடுவாள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அகல்யா

---

சாங்வி, புணே,
7 மார்ச் 2025

அகல்யா,

போய்த் தேடுவேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீடு வீடாகக் கதவைத் தட்டுவேன். ஒரு மனிதர் தினமும் எனக்குத் தன் நலத்தைச் சொல்கிறார். சொல்லாத அன்றைக்கு நான் சும்மா இருந்தால் அந்த ஆப்பைக் கட்டியதற்கு அர்த்தமே இல்லை.

நீ பயப்படாதே. கண் விழிக்கும்போது என் முகம்தான் எதிரில் இருக்கும். அதற்காகத் தாடியை எடுத்துவிட்டேன். மயக்கத்தில் பார்த்து யாரோ என்று நீ அலறக் கூடாதல்லவா. பதினொன்றாம் தேதி மாலை வந்துவிடுவேன்.

உன்
ராம்

---

சாங்வி, புணே,
14 மார்ச் 2025

அன்புள்ள அகல்யா,

கோபப்படாமல் படி. கோபத்தோடாவது படி.

10ஆம் தேதி புது வெர்ஷனை அனுப்பினேன். 11ஆம் தேதி ஆட்டோ ஏறி விமான் நகர் வந்துவிட்டேன், விமான நிலையம் கண்ணுக்கே தெரிகிறது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். பத்து மணி தாண்டிவிட்டது. புள்ளி சிவப்பு.

நான் அனுப்பிய வெர்ஷன்தான் அந்த ஃபோனை முடக்கிவிட்டதா, இல்லை அந்த மனிதர் எங்காவது விழுந்து கிடக்கிறாரா? இரண்டில் எது என்று நேரில் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழியே இல்லை. உன் பக்கத்தில் வைஜயந்தி இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். அவருக்கு என்னை விட்டால் ஒருவரும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன். ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். வைஜயந்திக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

நேராகத் தேஜஸ் கடைக்குப் போனேன். கேரோ ஃபோனை யார் யாருக்கு விற்றான் என்பது பாவம் அவனுக்கு நினைவில் இருந்தது. யாரும் வாங்காத சரக்கு, வாங்கிய முகம் மறக்குமா? கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். அன்றும் மறுநாளும் இருவருமாக அலைந்தோம். ஒருவர் மகனோடு நாசிக் போய்விட்டார். ஒரு நர்ஸ் அம்மா ஃபோனை மாற்றிப் பல நாளாகிறது.

மறுநாள் காலை ஐசக் வீட்டுக்குப் போனோம். போசரியில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். கதவு பூட்டியிருந்தது. தட்டினோம், கத்தினோம், பதில் இல்லை. வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கும் நேரம் அது. இங்கே நான் அபார்ட்மென்ட் சொசைட்டி செக்ரட்டரியை நிற்கவைத்துப் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஐசக் காய்கறிப் பையோடு படியேறி வருகிறார். "அரே, பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமா உனக்கு? என் வூட்டுப் பூட்டை உடைக்க நீ யாருய்யா?" என்று அவர் போட்ட சத்தத்தில் கட்டிடமே கூடிவிட்டது. கேரோவை அவர் என்றைக்கோ பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாராம்.

அவமானத்தோடு கீழே இறங்கும்போது தேஜஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னான்: "பாவ், இன்னும் ஒண்ணு இருக்கே. வஹினீசாட்டி தும்ஹீச் கேத்லா ஹோதா." உனக்காக நான் அவனிடம் வாங்கியதைச் சொல்கிறான். நீதான் கோயம்புத்தூரில் வேறு ஃபோன் வைத்திருக்கிறாயே. அதைக் கழித்துவிட்டோம். மீதிப் பேரிலும் அந்த ஆள் கிடைக்கவில்லை.

இன்றும் சிவப்புதான். எனக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று வைஜயந்தி சொன்னாள். "அக்கா நல்லாத்தான் இருக்கறா. நீங்க உங்க வேலையப் பாருங்க மாமா" என்றாள். அது மட்டும்தான் ஆறுதல். அந்த ஆள் கிடைத்ததும் அடுத்த விமானத்தில் வருகிறேன்.

மன்னித்துவிடு.

உன்
ராம்

---

கோயம்புத்தூர்,
20 மார்ச் 2025

அன்புள்ள ராம்,

கட்டி பயப்படும்படியானது இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. தையல் ஆறிவருகிறது. குனியக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்பதால் வைஜயந்தியின் அறையில் படுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தலையணை மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை புள்ளி பச்சையானதைப் பார்த்திருப்பீர்கள். தேஜஸுக்கு ஃபோன் செய்து கத்தியிருப்பீர்கள். அவன் கடைக்குப் போய் இரண்டு பேருமாக சாய் குடித்திருப்பீர்கள். படுத்தபடியே அதை நினைத்துப் பார்த்தேன்.

அது நான்தான், ராம்.

அந்த கேரோ ஃபோனை நான் தூக்கிப் போடவில்லை. இங்கே வந்த பிறகும் தினமும் காலையில் எழுந்ததும் அதை எடுத்து 'நலம்' என்று அழுத்திவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். முதலில் உங்கள்மேல் பரிதாபம். எல்லோரும் போய்விட்டார்களே, ஒருவராவது இருக்கட்டும் என்று. பிறகு அது பரிதாபமில்லை. காலையில் நீங்கள் முதலில் பார்ப்பது அந்தத் திரையைத்தான் என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காத மனிதர் என் புள்ளியையாவது பார்க்கட்டும் என்று அழுத்தினேன். சொல்லியிருக்கலாம். நீங்களாகக் கண்டுபிடிப்பீர்கள் என்று காத்திருந்தேன்.

அந்த எண்ணை ஏன் காலியாக விட்டேன் என்று உருகியிருந்தீர்கள். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள். தனியாக வேறு யார் எண்ணைப் போடுவது?

11ஆம் தேதி காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அந்த கேரோ மாடியில் சார்ஜரில் இருந்தது. எனக்கு மறந்துபோகவில்லை. வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தேன். சாயங்காலம் அவரே நேரில் வந்துவிடப் போகிறார், இன்றைக்கு எதற்கு அழுத்த வேண்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

அன்று மதியம் வைஜயந்தி வந்து நீங்கள் யாரையோ தேடப் போய்விட்டதாகச் சொன்னாள். உங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல ஃபோனைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பீர்கள். ஆனால் எனக்காக வந்திருப்பீர்களா, அந்தப் புள்ளிக்காக வந்திருப்பீர்களா? அது தெரியாமல் உங்களை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோனை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வைஜயந்தி இருந்தாள். மாடியிலிருந்து கேரோவை எடுத்துவரச் சொல்லி அழுத்தியது நேற்றுத்தான்.

நீங்கள் கெட்டவர் இல்லை. முகம் தெரியாத ஒருவருக்காகப் பூட்டை உடைக்கிற மனிதர். அதனால்தான் இவ்வளவு நாளும் விட்டுப்போக முடியவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் தேஜஸ் என் பெயரை எடுத்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வரியில் புரிந்துவிடும் என்று நினைத்தேன். 'அதைக் கழித்துவிட்டோம்' என்று எழுதியிருந்தீர்கள்.

அடுத்த விமானத்தில் வர வேண்டாம். அந்த ஆள் கிடைத்தாயிற்று என்றுதான் வருவீர்கள். நிர்மல் கூப்பிடும் வேலைக்குப் போங்கள். சர்வரை அணைப்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். அது ஓடும்வரை நான் அழுத்துவேன், பழக்கமாகிவிட்டது. உங்கள் புது வெர்ஷனில் ஒரு குறையும் இல்லை, பேட்டரியும் நன்றாக நிற்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். இவ்வளவு நாள் காலியாக விட்டிருந்த இடத்தில் வைஜயந்தியின் எண்ணைப் போட்டுவிட்டேன். இனி நான் அழுத்தாத காலையில் அவளுக்குத் தகவல் போய்விடும். நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

நலம்.

அகல்யா