லைன் வீட்டில் நாட்டுக்கோழி

கோழிப்பண்ணை லைன் வீடு,
நாமக்கல்.
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மாமாவுக்கு,

ரஞ்சிதா எழுதுவது. நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதத்தைப் பார்த்ததுமே பயந்துபோவீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாளைக்கு ஒன்று ஆகப் போகிறது, அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. உங்கள் போர் போடுகிற ரிக் வண்டி நிற்கிற காட்டில் சிக்னல் கிடையாது. டீசல் போட ஊருக்குள் வரும்போது பேசுகிற கொஞ்ச நேரத்தில் இதையெல்லாம் சொல்லி முடிக்கவும் முடியாது. டிரைவர் காளிதாஸ் அண்ணன் ஒடிசாவுக்கு உங்கள் ரிக்குக்கு ராடு ஏற்றிக்கொண்டு நாளைக்குக் கிளம்புகிறாராம். எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

போன தடவை போனில், அம்மா சொல்வதுதான் சரி, மழை வரும் வரைக்கும் பாப்பாவை ஜலகண்டாபுரத்துக்கு அனுப்பிவிடு என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதாக அத்தை ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். பாப்பா இன்னும் பால் மறக்கவில்லை. நானும் கூடப் போகலாம் என்றால், மறுநாளே இந்த வீட்டில் வேறு பூட்டுத் தொங்கும். இங்கே வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே சாவி.

அத்தை உங்களிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நடந்தது இதுதான். பாப்பாவைத் தொட்டிலில் போட்டு, பக்கத்து வீட்டு வசந்தாமணி அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு வந்து தொட்டால் உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதிக்கிறது. கண் மேலே செருகியிருக்கிறது. அழவும் இல்லை. தூங்குகிறாள் என்றுதான் அக்கா நினைத்திருக்கிறார். வாரி எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாது, கால் தானாக நாலாம் ஷெட்டுக்குப் போயிற்று. அங்கேதான் கோழிகளுக்கு ஃபாகர் ஓடுகிறது, மார்கழிப் பனி மாதிரி தண்ணீர் தூவிக்கொண்டே இருக்கும். கூண்டு வரிசைக்கு நடுவே ஈரச் சாக்கின் மேல் கிடத்தினேன். சுற்றி ஆயிரக்கணக்கான கோழிகள் கத்துகின்றன. அதற்கு நடுவில் நம் பாப்பா கண்ணைத் திறந்து, வாயைக் கோணி, வீல் என்று அழுதாள். குழந்தை அழ அழ நான் சிரித்தேன் மாமா. பார்த்தவர்கள் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, இது வெயிலால் வந்தது, இன்னொரு தடவை வந்தால் பிழைப்பாள் என்று சொல்ல முடியாது, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குத் தெரிந்த குளிர்ச்சியான இடம் ஒன்றுதான். மறுநாளிலிருந்து பாப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டே ஷெட்டில் முட்டை பொறுக்கினேன். சூப்பர்வைசர் ஜெயபிரகாஷ் பார்த்துவிட்டார். ஏனுங்க ரஞ்சிதா, கொழந்தைய உள்ள கொண்டாந்தா கோழிக்கு நோய் வந்துருமுங்க, என் வேலை போயிரும் என்று அவரே அழுகிற மாதிரி சொன்னார். நம் பாப்பாவால் கோழிக்கு நோய் வருமாம்!

கோழிக்கு என்னென்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தலைக்கு மேலே ஃபாகர், கூரைமேல் ஸ்பிரிங்க்ளர், பக்கவாட்டில் ஈரச்சாக்கு, குடிக்கிற தண்ணீரில் மருந்து. வெயில் ஏறுவதற்குள் தீவனம் போட்டுவிட வேண்டும் என்று எங்களை இருட்டோடு எழுப்புகிறார்கள். எல்லாம் செய்துவிட்டு நாங்கள் வந்து படுக்கிற வீட்டுக்கு மேலே வெறும் ஆஸ்பெஸ்டாஸ். கையை உயர்த்தினால் சூடு உறைக்கிறது. இதில் கொடுமை என்ன தெரியுமா, ஐந்தாம் ஷெட் கூரைக்குப் போகிற தண்ணீர்க் குழாய் நம் வீட்டுப் பின்சுவரை உரசிக்கொண்டுதான் போகிறது. மத்தியானம் சுவரில் காதை வைத்தால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். நம் கூரைக்கு மட்டும் அது ஏறாது.

கேட்காமல் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து போய் முதலாளி வெங்கடாசலத்திடம் மரியாதையாகத்தான் கேட்டோம். போர் வற்றிப் போச்சு, கோழிக்கே லாரித் தண்ணி வாங்கறேன், அடுத்த வருசம் பாக்கலாம் என்றார். அதோடு விட்டிருந்தால் நான் பேசாமல் வந்திருப்பேன். நீங்கல்லாம் வெயில்ல பொறந்து வெயில்ல வளந்தவிய, கோழி அப்படியா, அது தாங்காதல்ல என்று சிரித்தார். நம் பாப்பாவும் வெயிலில்தான் பிறந்தாள், தாங்கவில்லையே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெயில் முன்னே மாதிரியா இருக்கிறது? சித்திரையில் அடித்த வெயில் இப்போது மாசியிலேயே அடிக்கிறது. கோழிக்கு அது தெரியும் என்று ஒத்துக்கொள்கிறவர்கள் நமக்குத் தெரியும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனிமேல்தான் முக்கியமானது. பண்ணை ஆட்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், சேரும்போதே சொன்னார்கள். அது வெளியே மேய்ந்து நோயைக் கொண்டுவரும், கூண்டுக்கோழிக்குத் தொற்றினால் ஷெட்டே காலி. நாட்டுக்கோழியைத் தொட்டவர்கள் அன்றைக்கு ஷெட்டுப் பக்கமே போகக் கூடாது. வேறு பண்ணையில் வேலை செய்கிற ஆளும் நம் கேட்டைத் தாண்டக் கூடாது.

முந்தாநாள் குழாயடியில் சென்னியம்மாள் அக்கா, பேசாம ஆளுக்கொரு கோழி வாங்குவம் அம்மிணி, அதுகளுக்குத் தண்ணி தெளிக்கறப்ப நாம அடியில படுத்துக்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். வாங்குவோம் அக்கா, நிஜமாகவே வாங்குவோம் என்றேன்.

இன்றைக்குக் காலையில் சந்தைக்குப் போய் வாங்கிவிட்டோம்! வீட்டுக்கு ஒரு கோழி. இப்போது எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வசந்தாமணி அக்காவின் தம்பி தோட்டத்தில் கூடையில் இருக்கின்றன. விடிந்ததும் எங்கள் வாசல்களுக்கு வரும். ஷெட் பக்கம் ஒரு இறகும் போகாது, காலில் கயிறு கட்டியிருக்கும். நாங்களும் முட்டாள்கள் இல்லை. ஷெட்டுக் கோழிகள் செத்தால் எங்கள் பிழைப்பும் செத்தது.

சபிதாதான் ரொம்பப் பயந்தாள். நீங்கள் இப்போது இருக்கிற ஒடிசாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவள்தான். நீங்கள் அவள் ஊரில் தண்ணீருக்குத் துளை போடுகிறீர்கள், அவள் நம் ஊரில் முட்டை பொறுக்குகிறாள். வெளியே போ சொன்னா நான் எங்க போகும் அக்கா என்றாள். அப்புறம் அவளே சந்தையில் என் கையைப் பிடித்து இழுத்து, எனக்குச் சேவல் வேணும், நல்லா கத்தணும் என்றாள்.

எனக்குப் பயமில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனாலும் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு நம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திங்கள் சாயங்காலம்

மாமா! லாரி டயர் வெடித்துவிட்டதாம், காளிதாஸ் அண்ணன் நாளைக்குத்தான் கிளம்புகிறார். நல்லதாகப் போயிற்று. எழுத எழுதப் பேனா ஓடமாட்டேன் என்கிறது, கை முந்துகிறது.

விடியும்போதே சபிதாவின் சேவல் கூவிற்று. எங்கள் லைனில் சேவல் கூவி யாரும் கேட்டதே இல்லை. ஜெயபிரகாஷ் லுங்கியை மடித்துக் கட்டக்கூட மறந்து ஓடி வந்தார். யாருதுங்க இது என்று கத்தினார். என்னுதுங்க என்று சபிதா சொன்னாள். என்னுதுங்க, என்னுதுங்க என்று ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி கோழியோடு நின்றோம். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி காரில் வந்தார். பாதி வழி வேகமாக நடந்து வந்தவர், சட்டென்று நின்றுவிட்டார். கிட்டே வந்தால் அவரே அவருடைய ஷெட்டுக்குள் போக முடியாதே! அங்கேயே நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கத்தினார். காத்தில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. சென்னியம்மாள் அக்கா கோழியைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கேக்கலைங்க, கிட்ட வரட்டுங்களா என்று நடந்தார். முதலாளி பின்வாங்கினார். அக்கா இன்னும் நடந்தார். அவர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மாமா, நம்மை நிற்க வைத்துப் பேசுகிற மனுசன்!

கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, எல்லாரும் கோழிய விட்டுப்போட்டு வேலைக்கு நடங்க என்றார். நான்தான் பேசினேன். வரலாமுங்க, ஆனா விடிஞ்சதுல இருந்து நாட்டுக்கோழியத் தொட்டுட்டு இருக்கறமுங்க, உங்க சட்டப்படி நாங்க உள்ள வரக் கூடாதுங்களே என்றேன். வேறு பண்ணையிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே ஜெயபிரகாஷ், அவியளும் கேட்டத் தாண்டக் கூடாதுங்கய்யா என்றார். அந்த மனுசன் எங்கள் பக்கம் பேசினாரா, சட்டத்தை ஒப்பித்தாரா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறிற்று. ஜெயபிரகாஷ் ஒருத்தராகவே ஷெட்டுக்கு ஷெட் ஓடி மோட்டார் போட்டார். தீவனம் போட ஆளில்லை, முட்டை உருண்டு வந்து அடுக்கடுக்காக நின்றது. கோழிகள் வாயைப் பிளந்து இரைக்கிற சத்தம் லைன் வரைக்கும் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது தாங்கவில்லை. அதுகள் என்ன பாவம் செய்தன? சென்னியம்மாள் அக்காவும் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக முதலாளி காரிலேயே உட்கார்ந்திருந்தால் நாங்களே உள்ளே ஓடியிருப்போம். நல்லவேளை, அது அவருக்குத் தெரியாது. எங்களுக்கு இரக்கம் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

கோழி டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். அப்புறம் என்ன வேணுமாம் இவளுகளுக்கு என்று ஜெயபிரகாஷிடம் கேட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டோம். பின்சுவரை ஒட்டிப் போகிற குழாயிலிருந்து ஒரு கிளை எங்கள் கூரைக்கு. வெயில் ஏறி இறங்கும் வரைக்கும், மழை வரும் வரைக்கும். தண்ணி ஏது என்று ஆரம்பித்தார். கூரையிலிருந்து வடிகிற தண்ணீரைத் தகரம் வைத்து டிரம்மில் பிடித்து நாங்கள் பாத்திரம் கழுவ, துணி துவைக்க வைத்துக்கொள்கிறோம், குழாயடியில் எங்களுக்கு விடுகிற தண்ணீரில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் வசந்தாமணி அக்கா. அன்றைக்குப் பாப்பா தூங்குகிறாள் என்று நினைத்ததிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. முதலாளி முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

டாக்டர் சொன்னபடி நாட்டுக்கோழிகள் எல்லாம் வேலியைத் தாண்டிப் போயின. அன்றைக்கு உள்ளே போகக் கூடாது என்ற சட்டத்தையும் அவரே தளர்த்தினாராம். நாங்கள் மருந்துத் தண்ணீரில் தலை முழுகி, புது உடுப்பு மாற்றி, முதலில் தீவனம் போட ஓடினோம். ஒரு கோழி சாகவில்லை. நாங்கள் உள்ளே இருக்கும்போதே பிளம்பர் வந்து குழாயைப் பிரித்தார். திரும்பி வந்தால் எங்கள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது! ஆஸ்பெஸ்டாஸில் விழுந்த முதல் தண்ணீர் சுர்ரென்று ஆவியாகப் போயிற்றாம். பிள்ளைகள் எல்லாம் கூரை விளிம்புக்கு அடியில் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வசந்தாமணி அக்காவின் தம்பி தோட்டத்திலேயே சமைத்துக் குழம்பை மட்டும் தூக்குவாளியில் அனுப்பினார். முதலாளிக்கும் ஒரு கிண்ணம் குடுத்துடலாமா அம்மிணி என்று சென்னியம்மாள் அக்கா கேட்டு, சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. சேவலை மட்டும் சபிதா அறுக்க விடவில்லை. தோட்டத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

முதலாளி இதை மறக்கமாட்டார், எனக்குத் தெரியும். மழை வந்ததும் ஏதாவது காரணம் கண்டுபிடித்து முதலில் என்னைத்தான் வெளியே அனுப்புவார். அது அப்போது. எனக்கு இந்தக் கோடைதான் முக்கியம்.

பாப்பா இப்போது என் மடியில்தான் கிடக்கிறாள். இன்றைக்கு மத்தியானம் அவள் வீட்டிலேயே, அவள் தொட்டிலிலேயே தூங்கினாள். நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதுகு சில்லென்று இருந்தது.

மாமா, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் டீசல் போட வரும்போது அத்தைக்கு ஒரு போன் போடுங்கள். பாப்பாவை அனுப்பமாட்டேன் என்று நான் சொன்னால் அது மாமியார் மருமகள் சண்டையாகிவிடும். நீங்கள் சொன்னால் அத்தை கேட்பார். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வரச் சொல்லுங்கள். துணிமணியோடு வரச் சொல்லுங்கள். ஜலகண்டாபுரத்தில் அத்தை தறிக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்கடியில்தானே படுக்கிறார்? பாப்பாவை அங்கே கொண்டுபோய் எந்தக் குளிர்ச்சியில் வைப்பார்? அத்தைக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கிறது. இந்தக் கோடையை அவரும் இங்கேயே எங்களோடு கழிக்கட்டும், பாப்பாவையும் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் உச்சி வெயிலில் ராடு மாட்டுவதை நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. சின்ன வீடுதான். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். இன்று மத்தியானம் பாயை விரித்து அளந்து பார்த்தேன், கொஞ்சம் ஒடுங்கிப் படுத்தால் நாலு பேருக்கும் இடம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சாமி.

உங்கள்
ரஞ்சிதா